இரண்டு மணி நேர அனுமதி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துப் பதிவேட்டின்படி அக்கா இன்னும் சாகவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே போனார். இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான். அனுமதிச் சீட்டில் 'புறப்பட்ட நேரம்' என்ற கட்டத்தில் 2.10 என்று அவர் கையால் எழுதியிருக்கிறது. 'திரும்பிய நேரம்' என்ற கட்டம் காலி. அது நிரம்பினால்தான் சீட்டை மூடலாம். சீட்டை மூடினால்தான் அவர் பெயருக்கு எதிரே வேறு எதையும் எழுதலாம், அவர் செத்துப்போனது உட்பட.

தலைவலி என்று போனவர். வீட்டில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மறுநாள் நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். நிர்வாக அதிகாரியும் மலர்வளையத்தோடு வந்தார். நிலையத்தின் பெயர் வெளியே தெரிகிற மாதிரி அதைத் திருப்பி வைத்தவரே அவர்தான். ஆனால் மனுஷர் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் கோப்பில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரியாது.

நான் அங்கே கடிதம் தட்டச்சு செய்கிறவன். அக்கா போன பிறகு அக்காவுக்கு அனுப்பிய பதினொரு கடிதங்களும் என் விரலால் அடித்தவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் நன்றாக இருக்காது.

அக்காவும் அவர் கணவரும் கீழ்த்தளத்தில் ஒரே அறையில், ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். கணவரை எல்லோரும் 'கண்ணாடி' என்பார்கள். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அக்கா புருஷனை அண்ணே என்று கூப்பிடுகிற உறவுமுறை எங்கள் நிலையத்தில் மட்டும்தான் உண்டு என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மேசை என்றால் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புப் பலகை. அதன் மேல் ஆறு கண்ணாடிகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு முனையிலிருந்து கிளம்பும் லேசர் முதல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரண்டாவதில் பட்டுத் திரும்பி, இப்படி ஆறையும் தொட்டு, கடைசியில் ஒரு தகட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் புகுந்து கருவிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியின் முதுகிலும் இரண்டு திருகுகள். ஒரு திருகை மயிரிழை அசைத்தாலும் மறுமுனையில் ஒளி ஒரு விரல் தள்ளிப்போய்விடும். பன்னிரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றித் திருப்பி ஒளியைத் துளையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நேர்படுத்துவது என்று பெயர். புருஷனும் பெண்டாட்டியும் இருபது வருஷமாகச் செய்தது அதைத்தான்.

ஒருவர் நேர்படுத்திய கண்ணாடியை இன்னொருவர் கேட்காமல் தொடக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம். தொடாதே என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடித் தாங்கியில் கையெழுத்துப் போட்டு ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவைப்பார்கள். "என் கண்ணாடியத் தொட்டீங்களா?" "தொடலையே." "பொய் சொல்லாதீங்க, கை வச்சது தெரியுது." இதெல்லாம் வீட்டுச் சண்டையின் மிச்சம். ஒருநாள் இயக்குநர் காதில் இது விழுந்தது. அடுத்த வாரமே அது விதி எண் பதினேழாகிவிட்டது: நேர்படுத்தியவரின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி எவரும் எதையும் தொடலாகாது. பெயர், கைவிதி. அதை வெளியிட்ட கூட்டத்தில் இயக்குநர் பேசினார்: "ஒழுங்கு என்பது மனிதர்களிடம் தானாக வந்துவிடக் கூடாது. தானாக வந்தால் அதற்கு உத்தரவு எண் எங்கிருந்து கிடைக்கும்?" எல்லோரும் கை தட்டினோம்.

அந்த வியாழக்கிழமை காலையில் ஆறு கண்ணாடிகளையும் நேர்படுத்தியவர் அக்கா. ஆறிலும் அவர் சீட்டு. அதன் பிறகு நாலு மாதம் அண்ணன் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. தினமும் பதினொரு மணிக்கு, வழிகாட்டுவதற்கென்று இருக்கும் மெல்லிய பச்சை ஒளியைப் போட்டுவிட்டு, அந்தப் பச்சைப் புள்ளி துளைக்குள் போய் விழுவதை நின்று பார்ப்பார். "அவ அனுப்பின எடத்துக்கே போகுது பாருங்க தம்பி" என்பார். செத்தவர் புடவையை முகர்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. இவருக்கு இது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன், நின்றால் எனக்கும் அழுகை வரும்.

அப்படி இருக்கையில் மூன்றாவது கண்ணாடி கருகிவிட்டது. நடுவில் கடுகளவு ஒரு கரும்புள்ளி. கடுகளவானாலும் அதன்மேல் முழு லேசரை விட்டால் கண்ணாடி வெடித்துவிடும். அண்ணன் நிர்வாக அதிகாரியிடம் போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், மூணாவது கண்ணாடி போயிடுச்சு. மாத்தணும். அந்த ஒண்ணோட ரெண்டு திருகை மட்டும் தொட்டாப் போதும். மத்த அஞ்சும் அப்படியே இருக்கட்டும்."

"தாராளமா மாத்துங்க. கைவிதிப்படி உரியவங்க சம்மதம் வாங்கிட்டு மாத்துங்க."

"உரியவங்க என் சம்சாரம் சார்."

"அப்ப சுலபமாப் போச்சு. வீட்லயே கேட்டுக்கலாமே."

சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஆனா வாய்ச்சொல் செல்லாது. எழுத்துல வேணும்" என்றார்.

முதல் கடிதம் அன்றைக்கே போனது. அக்காவின் முகவரி கீழ்த்தள அறைதான், ஆகவே மாடியில் அடித்ததை நானே படியிறங்கிக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்தார். ஒப்புகைக் கட்டத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் அது குறிப்போடு திரும்பியது: 'வராமைக்குக் கூறப்பட்ட காரணம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. பட்டியல்: விடுப்பு, அயற்பணி, மாறுதல், ஓய்வு, அனுமதி.' இரண்டாவது கடிதம், மூன்றாவது நினைவூட்டல், நாலாவது கண்டிப்பான நினைவூட்டல். நாலுக்கும் அண்ணன் அதே சொல்லைத்தான் எழுதினார். கையெழுத்து மட்டும் ஒவ்வொரு தடவையும் சின்னதாகிக்கொண்டே போனது.

ஐந்தாவது கடிதத்துக்கு அவர் இறப்புச் சான்றிதழையே கொண்டுவந்துவிட்டார். நிர்வாக அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார்.

"சான்றிதழ்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா சாயங்காலம் ஆறரைக்கு இறந்ததாப் போட்டிருக்கு. அவங்க அனுமதி நாலு பத்தோட முடிஞ்சது. நாலு பத்துலேர்ந்து ஆறரை வரைக்கும் எங்க இருந்தாங்க?"

"அஞ்சு மணிக்கு வேலை விட்டதும் நான் ஓடினேன் சார். அதுக்கப்புறம் என் மடியிலதான் படுத்திருந்தா."

"சரி. நாலு பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும்?"

"தெரியல சார். நானும் கூட வரேன்னேன். வேணாம், லேசர் ஓடுது, முடிச்சுட்டு வாங்கன்னா. அந்த நேரத்துல என்னைக் கூப்பிட்டாளா, வலில துடிச்சாளா... அதுதான் சார் எனக்கும் தெரியணும்."

நிர்வாக அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் ஆறாவது கடிதத்தை அடித்தேன்: 'தாங்கள் மேற்படி நாளில் மாலை 4.10 முதல் 5.00 வரை ஐம்பது நிமிடங்கள் அனுமதியின்றி உயிரோடு வெளியே இருந்தமைக்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?' அடிக்கும்போது விரல் கூசியது. இருந்தும் ஒரு பிழையில்லாமல் அடித்தேன்.

ஏழு, எட்டு, ஒன்பது என்று நினைவூட்டல்கள் போயும் விளக்கம் வராததால் விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர். தோட்டப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர், வண்டிகளுக்குப் பொறுப்பானவர், நிர்வாக அதிகாரி. விஷயம் தெரிந்தவர் யாரும் குழுவில் இருக்கக்கூடாது என்பது இயக்குநரின் கொள்கை. தெரிந்தவன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவானாம்.

காலை ஒன்பதரைக்கு மேசையைச் சோதித்தார்கள். பாதுகாப்பு விதிப்படி மூவர் கண்ணுக்கும் சிவப்புக் கண்ணாடி மாட்டப்பட்டது. அந்தக் கண்ணாடியின் வேலையே பச்சை ஒளியைக் கண்ணில் படாமல் தடுப்பதுதான். அண்ணன் பச்சை ஒளியைப் போட்டார். மூவரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் தோட்டக்காரர்.

"கண்ணாடியைக் கழட்டினாத் தெரியும் சார்."

"கழட்டக் கூடாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க. புள்ளி துளையில விழுதா?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். குனிந்து பார்த்தார். "இப்ப ஒரு நூல் தள்ளி விழுது சார். ஒன்பது மணிக்குத்தானே ஏசி போடறோம். அறை குளிர்ந்து மேசை அடங்கப் பதினொண்ணு ஆகும். பதினொண்ணுக்குச் சரியா துளைக்குள்ள வந்துடும். வேலை நடக்கற நேரம் பாத்துதான் அவ வச்சிருக்கா. காலைல கொஞ்சம் தப்பா வச்சாத்தான் பதினொண்ணுக்குச் சரியா இருக்கும்."

நிர்வாக அதிகாரி எழுதிய அறிக்கை இது: 'ஒரு நூல் தள்ளி விழுவதாகக் கணவரே ஒப்புக்கொண்டார். தப்பாக வைத்ததாகவும் ஒப்புக்கொண்டார்.'

அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் சொன்னது அதில்ல சார். அவ மாதிரி வைக்க இந்த ஊர்ல ஆளே இல்ல சார். ஏன் சார் என் வாயாலயே அவளக் குத்தம் சொன்ன மாதிரி எழுதறீங்க?" என்று கேட்டார். வண்டிக்காரர் மணியைப் பார்த்தார். பதினொரு மணி வரைக்கும் இருந்து பாருங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். குழுவுக்குத் தேநீர் நேரம் பத்தரை.

பத்தாவது கடிதம் உத்தரவு. அக்காவின் நேர்படுத்தல் 'உரிமையாளர் விளக்கமளிக்காத, தவறான' நேர்படுத்தல் என்பதால் கலைக்கப்பட வேண்டும். ஆறு கண்ணாடிகளின் பன்னிரண்டு திருகுகளும் முழுதாகப் பின்னுக்குத் திருப்பப்பட்டு, காலை ஒன்பதரைக்குத் துளையின் நடுவில் ஒளி விழும்படி புதிதாக நேர்படுத்தப்பட வேண்டும். செய்ய வேண்டியவர் கணவர். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

அண்ணன் இயக்குநர் காலில் விழாத குறை. "மூணாவது கண்ணாடிய மட்டும் மாத்திக்கறேன் சார். மத்ததை விட்டுடுங்க. அவ கை பட்டது உலகத்துல அது ஒண்ணுதான் சார் அசையாம இருக்கு. வீட்ல எல்லாம் எடம் மாறிடுச்சு."

இயக்குநர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது. நானும் மனுஷன்தான். ஆனா நாற்காலியில உட்காரும்போது நான் மனுஷன் இல்ல பாருங்க" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

கலைக்கிற அன்று என்னையும் சாட்சியாகக் கீழே அனுப்பினார்கள். அண்ணன் கையுறை போட்டுக்கொண்டு முதல் கண்ணாடி முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "தம்பி, ஒரு காகிதம் எடுத்துக்கங்க. எத்தனை சுத்துன்னு நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. வேலைக்கு இல்ல, எனக்கு" என்றார்.

எழுதினேன். ஒன்றாவது, மேல் திருகு, இரண்டே கால். கீழ்த் திருகு, ஒன்றரையும் கொஞ்சமும். "கொஞ்சம்னா எவ்வளவு அண்ணே?" "அவ விரல் அளவு." அப்படியே எழுதினேன். இரண்டாவது, மேல் திருகு, மூன்று. அப்போது பின்னால் நிர்வாக அதிகாரி வந்து நின்றார்.

"என்ன எழுதறீங்க?"

"எண்ணிக்கை சார்."

"கலைச்ச நிலைக்கு எதுக்கு எண்ணிக்கை? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே." கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன். மடித்துப் பையில் போட்டிருக்கலாம், கீழே போட்டு மிதித்திருக்கலாம், கிழித்து வாயில் போட்டு முழுங்கியிருக்கலாம். எல்லாம் அப்புறம் தோன்றியவை. அன்று நீட்டிய கையில் நீட்டிய காகிதத்தை வைத்தேன். வயிற்றுப்பாடு என்று பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒட்டமாட்டேன் என்கிறது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கொண்டு வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு திருகினார். நாலாவது கண்ணாடி வரைக்கும் உதடு அசைந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டது. ஆறு சீட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். கந்தலாகத்தான் வந்தன. அவற்றையும் நிர்வாக அதிகாரி எண்ணி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மூன்றாவது தாங்கியில் புதுக் கண்ணாடியை மாட்டி, ஒன்பதரைக்கு ஒளியைத் துளையின் நட்டநடுவில் விட்டார். ஆறிலும் தன் சீட்டை ஒட்டினார். பதினொரு மணிக்கு அவர் அறையில் இல்லை. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

புது நேர்படுத்தலுக்கு விழா வைத்தார்கள். வெளியிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்தார். அவர் பொத்தானை அழுத்தினால் லேசர் ஆறு கண்ணாடிகளையும் கடந்து துளையில் புகுந்து, சுவரில் இருக்கும் அளவுமானியின் முள் எழும்ப வேண்டும். இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். "மற்ற இடங்களில் ஒளி தன் இஷ்டத்துக்குப் போகிறது. எங்கள் நிலையத்தில் ஒளி எங்கே போக வேண்டும் என்று ஆணை இருக்கிறது. ஆணையை மீறி இங்கே ஒரு கதிர்கூடக் கிளம்பியதில்லை." அவர் பேசி முடிக்கும்போது மணி பதினொன்று.

பெரிய மனிதர் பொத்தானை அழுத்தினார். முள் எழும்பவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒளி துளைக்கு ஒரு நூல் தள்ளி, வெறும் தகட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. நான் கழற்றிப் பார்த்தேன். அண்ணனுக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் ஒரு வாரம் நிலையமே தலைகீழாயிற்று. குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை பதினொரு மணி வரை இருந்தது, தேநீரைக் கீழேயே வரவழைத்துக்கொண்டு. அக்கா வைத்ததுதான் சரி என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"நாளைக்குப் பதினொண்ணுக்கு நானே சரி பண்ணி வச்சுடறேன் சார்" என்றார் அண்ணன்.

"நீங்க வச்சா அது உங்க கை. சரின்னு குழு சொன்னது அவங்க கையை. இனிமே அவங்க வந்துதான் வைக்கணும். பாராட்டும் அவங்க பேர்லதான்" என்றார் நிர்வாக அதிகாரி.

பதினொன்றாவது கடிதத்தை அடித்தேன். 'தங்கள் மீதான குற்றச்சாட்டுகள் அனைத்தும் விலக்கிக்கொள்ளப்படுகின்றன. தங்கள் கைத்திறனை நிலையம் பாராட்டுகிறது. தாங்கள் வரும் திங்கட்கிழமை காலை 9.30 மணிக்கு நேரில் வந்து, அனுமதிச் சீட்டில் திரும்பிய நேரத்தைப் பதிந்துவிட்டு, பழையபடி பணியைத் தொடருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

படியிறங்கி அண்ணனிடம் போனேன். இதற்கு இந்த மனுஷன் என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நீட்டினேன். அண்ணன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். இத்தனை நாளும் கடிதம் வந்தால் முகம் கறுத்துவிடும். இன்றைக்கு அப்படி ஆகவில்லை. விரலை வைத்து அந்தக் கடைசி வரியைத் தடவினார்.

"திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே."

"நீங்கதான் அடிச்சீங்களா?"

"நான்தாண்ணே. மன்னிச்சுடுங்க."

"எதுக்கு? நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க." பேனாவை எடுத்தார். ஒப்புகைக் கட்டத்தின் மேல் ரொம்ப நேரம் வைத்திருந்தார். வழக்கமாக எழுதுகிற சொல்லை எழுதவில்லை. 'சொல்லிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நிர்வாக அதிகாரிக்குப் பரம சந்தோஷம். "இதை முதல் கடிதத்துக்கே எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் உண்டா?" என்றார். 'பதில் முறையாக உள்ளது' என்று குறிப்பெழுதி, பச்சை மையில் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை எனக்குக் கீழே வேலை இல்லை. ஆனாலும் ஒன்பதேகாலுக்கே இறங்கிப் போனேன். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். மேசைக்கு மறுபக்கம் அக்காவின் முக்காலியை இழுத்துப் போட்டு, தூசி துடைத்து வைத்திருந்தது. அதன் மேல் அக்காவின் அளவுக்குச் சின்னக் கையுறை ஒரு ஜோடி. மேசை ஓரத்தில் அந்த அனுமதிச் சீட்டு, எப்படியோ மேலேயிருந்து வாங்கி வந்திருக்கிறார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

ஒன்பதரை ஆனபோது அண்ணன் கதவைப் பார்த்தார்.

பதினொரு கடிதம் அடித்தவன் நான். மலர்வளையத்துக்குப் பக்கத்தில் நின்று அக்காவின் முகத்தைப் பார்த்தவன். நானும் கதவைப் பார்த்தேன்.